சித்தப்பாவின் இடது கண்

ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆம்பிளைகளில் பாதிப் பேர் பினாங்கில் இருந்தார்கள். வீட்டுப் பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள். யார் வந்து யாரைக் கேட்டாலும் "பினாங்குக்குப் போயிருக்காரு" என்பதுதான் பதில். அத்தனை பேரும் நிஜமாகவே போயிருந்தால் அந்தத் தீவு பாரம் தாங்காமல் கடலுக்குள் இறங்கியிருக்கும். பீடோங்கிலிருந்து உள்ளே தள்ளி, காட்டை ஒட்டி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அந்தக் காட்டுக்குள்தான் பினாங்கு இருக்கிறது என்பது பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லமாட்டார்கள். பிள்ளை வாய் திறந்த கதவு என்பது அம்மாவின் பயம்.

என் சித்தப்பாவும் பினாங்கில் இருந்தார். நான் நம்பினேன். கப்பலைப் படம் வரைந்து கொண்டுவருவார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். காலையில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பார், மத்தியானம் சாப்பிட்டதும் கரித்துண்டை எடுத்துவிடுவார். சுண்ணாம்பு அடித்த எங்கள் வீட்டுப் பலகைச் சுவர்தான் அவருடைய காகிதம். கொட்டாங்கச்சிக் கரி, செங்கல் தூள், மஞ்சள், துணிக்குப் போடும் நீலம், இவ்வளவுதான் சாமான். இவற்றைக் கொஞ்சம் ரப்பர் பாலில் குழைத்துத் தீட்டிவிட்டால் ஈரத்துணி போட்டுத் தேய்த்தாலும் வராது. அவருக்குப் பிடித்தவை ஆடு, மாடு, நாய். மனிதர்களைவிட அவைதான் முகத்தை ஒளிக்காமல் காட்டும் என்பார். எங்கள் வெள்ளாடு தழை தின்னும்போது ஒரு பக்கமாகத் தாடையைத் தள்ளும். அதைச் சுவரில் பார்த்தால் மெல்லுகிற சத்தம் கேட்கும். அப்பாவைக் கத்தியும் வாளியுமாக வரைந்திருந்தார். அம்மாவை வரைந்ததற்கு, மூக்கைப் பெரிசாக்கிவிட்டார் என்று அம்மா பல நாள் கரித்துக்கொட்டினாள். என்னை ஆட்டுக்குட்டியோடு உட்கார வைத்திருந்தார், எங்கள் இருவருக்கும் ஒரே முகஜாடை.

தன்னை மட்டும் வரைந்துகொள்ளவில்லை. அப்பாவுக்கும் ஆட்டுக்கும் நடுவே அவருக்கென்று ஓர் இடம் வெள்ளையாகவே கிடந்தது.

படத்தின் மேல் லயத்தில் எல்லாருக்கும் நம்பிக்கை இருந்தது என்று சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் சேவலை அவர் வரைந்தார். கொஞ்ச நாளில் சிப்பாய்கள் வந்து அந்தச் சேவலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெரியம்மா வாசலில் நின்று, "உங்க கொழுந்தன் சுவத்துல எழுதி வச்சாரு, அவனுங்க வாசிச்சிட்டு வந்துட்டானுங்க" என்று அம்மாவிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் மீதிக் கோழிகளைப் பகலில் எங்கள் பக்கம் விடவில்லை.

அப்பாவைக் கூட்டிப்போனது கங்காணி. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தில் அவர் பேச்சுதான் பேச்சு. எங்கள் வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்து, சயாமில் நல்ல சம்பளம், வயிறு நிறைய அரிசிச் சோறு, சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று அப்பாவிடம் தன் தம்பியிடம் சொல்வதுபோல் சொன்னார். பேச்சுக்கு நடுவே சுவரைப் பார்த்து ஆட்டைப் புகழ்ந்தார். மரவள்ளிக்கிழங்கைத் தின்றே நாக்கு மரத்துப்போயிருந்த காலம் அது. அப்பா முதல் லாரியில் ஏறினார். பிறகு அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை.

அடுத்த லாரிக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியதும் சித்தப்பா பினாங்குக்குப் போனார். அம்மா ஆளே மாறிப்போனாள். கிணற்றடியில் யாராவது நலம் விசாரித்தால்கூட, ஏன் கேட்கிறாள் என்று வீட்டுக்கு வந்து யோசிப்பாள். பெரியம்மாவும் அப்படித்தான். அவளுக்கு வயது வந்த மகன் ஒருவன் இருந்தான், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே கிணற்றில் வாளி விட்டுக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி ஆழம் பார்த்தார்கள். "யாரு கேட்டாலும் சிரிக்காதடி, சிரிச்சா வாய் தானா தொறந்துக்கும்" என்று அம்மா எனக்குப் பாடம் சொன்னாள். எதைச் சொல்லக்கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

சித்தப்பா இல்லாத வீட்டில் எனக்குப் பொழுது போகவில்லை. ஒருநாள் அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்து, அந்த வெள்ளை இடத்தில் சித்தப்பாவை நான் வரைந்தேன். உடம்பு சுமாராக வந்தது. முகம்தான் படுத்தியது. வலது கண் கண்ணாகவே இருந்தது, இடது கண் காதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சித்தப்பா தன் காதையே எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தார். இருந்தாலும் எனக்குத் திருப்திதான்.

சில நாள் கழித்துக் காலையில் எழுந்து பார்த்தால், இடது கண் இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. முதலில் பெரியம்மாவின் மகள் மேல் சந்தேகப்பட்டேன். அவள் என் வயதுக்காரி, எதையும் தொடாமல் இருக்கமாட்டாள். ஆனால் அவளுக்குப் பூசணிக்காய்கூட வட்டமாக வராது. பிறகு அம்மா மேல் சந்தேகப்பட்டேன். அம்மா வாசலில் போடும் கோலத்தைப் பார்த்திருந்ததால் அந்தச் சந்தேகமும் நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் மூக்குக்கு மேடு வந்தது, கைக்கு முழங்கை வந்தது, உதட்டோரத்தில் சித்தப்பாவின் அந்தக் கள்ளச் சிரிப்பும் வந்துவிட்டது. சுவரில் ஏதோ இருக்கிறது என்று பயந்துபோய் அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா முதலில் வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, ஒளித்து வைத்திருந்த கருப்பட்டியில் ஒரு துண்டைக் கையில் வைத்தாள்.

"நீ மொதல்லயே நல்லாத்தான் வரைஞ்சிருந்த. ஒனக்குத்தான் இப்பத் தெரியுது" என்றாள்.

கருப்பட்டியோடு வந்த வார்த்தை, எப்படி நம்பாமல் இருப்பது? என் கை சித்தப்பாவின் கை என்று அன்றே முடிவுசெய்துவிட்டேன்.

சண்டையெல்லாம் முடிந்து, சுங்கைப் பட்டாணி டவுனில் கடைப் பலகை எழுதிப் பிழைத்த காலத்தில்தான் சித்தப்பா நடந்ததைச் சொன்னார். காட்டோரத்தில் ஒரு சீனர் தோட்டத்தில் ஒளிந்திருந்தாராம். ஊர் அடங்கிய பிறகு, அம்மா எடுத்துவைக்கும் கிழங்குக்காக வருவாராம். வந்த இடத்தில் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டார். "எனக்குப் பொறுக்கல புள்ள. பசிய மறந்துட்டேன்" என்றார். அம்மா அவரிடம் குசுகுசுவென்று சண்டை பிடித்தாளாம். "கண்ணு கோணலா இருந்தா உயிரா போயிரும் தம்பி? நேரா இருந்தாத்தான் போகும்." அவர் கேட்கவில்லை. ரப்பர் பாலில் கரியைக் குழைத்து, என் கோடுகளுக்கு மேலேயே தீட்டிவிட்டுப் போனார். மறுநாள் அம்மா ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தாள். சுற்றியிருந்த சுண்ணாம்புதான் வந்தது, சித்தப்பா வரவில்லை. கடைசியில் ஒரு கோணிச்சாக்கை எடுத்து மேலே தொங்கவிட்டாள்.

அந்தச் சாக்கை நான் அடிக்கடி விலக்கிப் பார்ப்பேன். என் படம் அல்லவா.

அப்படி விலக்கி வைத்திருந்த ஒரு காலையில்தான் கங்காணி வந்தார். கூடவே துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய். பின்னால் கங்காணியின் செவலை நாய். அம்மா குனிந்து கும்பிட்டாள், நானும் குனிந்தேன். வீடு புகுந்து ஆள் தேடுகிறார்கள் என்பது இரண்டு வீடு தள்ளி வரும்போதே தெரிந்துவிட்டது. சாக்கைத் திரும்ப மாட்ட அம்மாவுக்கு நேரம் இல்லை.

கொழுந்தன் எங்கே என்று கங்காணி கேட்டார். பினாங்கு என்றாள் அம்மா. எப்போதிலிருந்து என்றார். மழைக்கு முன்பிருந்து என்றாள். கங்காணி தலையாட்டிக்கொண்டே சுவர்ப் பக்கம் போனார், நின்றார்.

"நான் போன தடவ ஒக்காந்து பேசினப்ப இந்த எடம் வெறும் வெள்ளையா இருந்துச்சே" என்றார். "ஏம்மா, ஒன் கொழுந்தன் பினாங்குல இருந்து கைய நீட்டியா வரைஞ்சாரு?"

அம்மா சாக்கைப் பார்த்தாள். என் நாக்கு முந்திக்கொண்டது.

"நான்தான் வரைஞ்சேன்" என்றேன்.

கங்காணி என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். சிப்பாய் ஏதோ அதட்டினான். கங்காணி மலாயில் விளக்கிச் சொல்ல, அவன் நம்பாமல் துப்பாக்கிக் கட்டையால் தரையைத் தட்டினான். வரைந்து காட்டச் சொல்கிறான் என்றார் கங்காணி. அடுப்பிலிருந்து அவரே ஒரு கரித்துண்டை எடுத்துவந்து என்னிடம் கொடுத்து, தன் நாயைக் காட்டினார்.

என் வாழ்நாளில் அவ்வளவு கர்வமாக நான் எதையும் செய்ததில்லை. சுவரின் கீழ்ப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, சித்தப்பா செய்வதுபோல் ஒரு கண்ணை மூடி நாயை அளந்து வரைந்தேன். முதுகு வந்தது. கால்கள் வந்தன. தலைக்கு இடம் போதாமல் கொஞ்சம் மடக்கிவைத்தேன். முடித்துவிட்டு எழுந்தபோது, நாய் தலை வைத்த பெஞ்சுபோல் நின்றது. எனக்கு அது நாயாகத்தான் தெரிந்தது.

சிப்பாய் நாயைப் பார்த்தான், சித்தப்பாவைப் பார்த்தான், மறுபடி நாயைப் பார்த்தான். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கங்காணி பக்கம் திரும்பினான்.

கங்காணி கட்டைவிரலை நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டு குனிந்தார். என் நாயின் காதைத் தேய்த்தார். விரல் கறுப்பானது. வேட்டியில் துடைத்தார். மறுபடி நனைத்துக்கொண்டு சித்தப்பாவின் இடது கண்ணைத் தேய்த்தார். ஒன்றும் வரவில்லை. அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனார். ரப்பர் பாலின் புளித்த வாடையிலேயே கிழவராகிப்போன மனிதர். என் படத்தை ரசிக்கிறார் என்று நினைத்தேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் உடனே திரும்பவில்லை. சித்தப்பாவுக்குப் பக்கத்தில் வாளியோடு நின்ற அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூடாக் இனி, துவான்" என்றார் பிறகு. இந்தப் பிள்ளைதான் ஐயா, என்று அர்த்தம். நாய் ஆடிக்கொண்டே இருந்தது, அதனால்தான் அது சரியாக வரவில்லை, கை என்னவோ ஒரே கைதான் என்றும் மலாயில் சொன்னார். எனக்கும் அதே சமாதானம்தான் மனதில் இருந்தது. சரியான ஆள் என்று அவரை மெச்சிக்கொண்டேன். சிப்பாய் என் பெஞ்சு நாயை இன்னொரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே போனான்.

கங்காணி அம்மாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் படத்தச் செதுக்கிப் போடு. வர்றவன் எல்லாருக்கும் எனக்கு மாதிரி கண்ணு மங்கியிருக்காது."

அம்மா அதற்கும் நன்றி சொல்லவில்லை. இதில் என்ன சூது வைத்திருக்கிறானோ என்றுதான் அன்று முழுக்க முணுமுணுத்தாள்.

எங்கள் வீட்டை விட்டு இறங்கியவர்கள் அடுத்து பெரியம்மா வீட்டில் ஏறினார்கள். அங்கே அண்ணன் காய்ச்சலில் போர்த்திப் படுத்திருந்தான். நடக்கமுடியாதவனை எப்படிப் பினாங்குக்கு அனுப்புவது? காய்ச்சல்காரனை எடுக்கமாட்டார்கள் என்று பெரியம்மா நம்பியிருந்தாள். எங்கள் லயத்திலிருந்து லாரிக்கு ஓர் ஆள் வேண்டும், அது யாராக இருந்தாலும் சரி. கம்பளியோடு தூக்கிப்போனார்கள். அம்மா என்னை மடியில் அழுத்திக்கொண்டு, லாரிச் சத்தம் தேயும்வரை விடவில்லை.

பிறகு பால்வெட்டும் கத்தியை எடுத்துவந்து சித்தப்பாவைச் சுவரிலிருந்து செதுக்கத் தொடங்கினாள். பலகை சிராய் சிராயாக வந்தது. சிப்பாயே ஒப்புக்கொண்ட படத்தை அழிக்கிறாளே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனேன். பெரியம்மாவின் மகள் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள். நடந்ததையெல்லாம் அவளிடம் அளந்தேன். நான் வரைந்தது, சிப்பாய் சந்தேகப்பட்டது, நாயை வரைந்து காட்டி நான் ஜெயித்தது, கங்காணியே ஒரே கை என்று சொன்னது.

பெரியம்மா உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அழுது வீங்கிய முகத்தோடு வெளியே வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"நீயாடி வரைஞ்ச?"

ஆமாம் என்றேன்.

"எங்க, எம் மவன ஒண்ணு வரை பாப்போம்."

ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தேன். அண்ணனுக்குச் சுருட்டைமுடி, அதைச் சுலபமாகப் போட்டுவிட்டேன். உடம்பை நீட்டினேன். கண்கள் இரண்டையும் ஒரே வரிசையில் வைக்க முடிந்தவரை முயன்றேன்.

பெரியம்மா அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். சுவரைச் செதுக்கும் சத்தம் அங்கிருந்து வந்துகொண்டே இருந்தது.

"கங்காணி ஒன் கைய நல்லாத்தான் பாத்திருக்கான்" என்றாள். மகளைக் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

அதன்பிறகு அவர்கள் வீட்டில் யாரும் எங்களோடு பேசவில்லை. அம்மா கிணற்றடிக்குப் போனால் பெரியம்மா பாதி வாளியோடு திரும்பிவிடுவாள். அம்மாவும் அவளை நிறுத்தி எதையும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணோடு விளையாட முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய குறை. அவள் மகளுக்கு வரையத் தெரியாது, எனக்குத் தெரியும், அந்தப் பொறாமைதான் பெரியம்மாவுக்கு என்று அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். அம்மா மறுத்துப் பேசவில்லை. அதனால் அதுதான் காரணம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.