அப்பாவைக் கயாக்கில் ஏற்றிய காலை

அன்று காலை என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. லைஃப் ஜாக்கெட்டுகளின் கொக்கியை இழுத்துப் பார்த்தேன், மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்த அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையாத்திக் காட்டைப் பார்த்தபடி நின்றார். பெண் பார்க்க வருகிறார்கள், என்னை ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தார்.

நான் இராமநாதபுரம் பக்கம் ஒரு கடலோர ஊரில் கயாக் வழிகாட்டி. சுற்றுலா வருகிறவர்களைச் சின்னப் படகுகளில் ஏற்றி, துடுப்புப் போடச் சொல்லிக்கொடுத்து, பறவைகள் மேயும் இடம்வரை கூட்டிப்போவேன். சொந்தக்காரர்கள் கேட்டால் அப்பா இதை வேலை என்று சொல்லவே மாட்டார். "அவ கடல்ல வெளையாண்டுக்கிட்டு இருக்கா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு சுத்து நானும் வாரேன் ஆத்தா. பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

கிணற்று நீச்சல் தெரிந்த மனிதர்தான். ஆனாலும் படகில் எனக்கு முன்னால் உட்கார்ந்ததிலிருந்து விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை. பின்னால் வந்த படகுகளில் சென்னைக்காரர்கள், ஆளுக்கொரு பெரிய கேமராவோடு.

பறவைகள் மேயும் மணல் திட்டை நெருங்கியதும் எல்லோரையும் துடுப்பைத் தூக்கச் சொன்னேன். இனிப் பேசக்கூடாது, கையை ஆட்டக்கூடாது. நீரோட்டமே கொண்டுபோய்விடும். ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அவ்வளவு பக்கத்தில் அவை எனக்கே கிடைத்ததில்லை. அப்பா அசந்துபோகட்டும், சாமி!

"ஆய்! ஓஓஓய்! போ! போ!"

அப்பாதான். இரண்டு கையையும் படபடவென்று தட்டிக்கொண்டு கத்துகிறார். திராட்சைப் பந்தலில் பழம் கனிந்துவிட்டால் மைனாவையும் கிளியையும் இப்படித்தான் விரட்டுவார். கூட்டமாக மேயும் பறவையைக் கண்டால் கை தானாக எழும்பிவிடும். பூநாரைகள் மொத்தமும் கிளம்பிப் போயே போய்விட்டன.

"சே! என்ன சார் இது?" என்றார் ஒரு கேமராக்காரர்.

எனக்கு வந்ததே கோபம்! "இதென்ன நம்ம தோட்டமாப்பா? அதுக உங்க திராட்சையவா திங்குது? எம் பொழப்புல மண்ணப் போட்ராதீக. சத்தம் போடாம உக்காருங்க!"

அவரை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. அப்பா திரும்பவில்லை. காது சிவந்திருந்தது. சரி, முடிந்தது, சாயங்காலமே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஆனால் வந்தவர்களை ஏமாற்றி அனுப்ப முடியுமா? மன்னிப்புக் கேட்டு, எதிர்க்காற்றில் படகுகளைச் சுற்றிக் கொண்டுபோய் அலையாத்தி நிழலில் ஒதுக்கினேன். காத்திருந்தோம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பூநாரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒன்று எங்கள் படகுக்குப் பக்கத்திலேயே இறங்கியது. அப்பாவின் கை விருட்டென்று எழுந்தது. எழுந்த கையை மறு கையால் பிடித்து இழுத்து, தொடைக்கு அடியில் செருகி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். பின்னால் கேமராக்கள் சடசடத்தன.

கரை ஏறியதும் அவர் போன் அடித்தது. அம்மா. அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"கூட்டிக்கிட்டு வாரீகளா? பொண்ணு பாக்க வாரவுக கேக்குறாக."

நான் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"நா மட்டுந்தேன் வாரேன்," என்றார் அப்பா. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ வேலையில இருக்கா. சத்தம் போடாத."