சோத்திரம்

போன திங்கட்கிழமை சிதம்பரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு தையல் டீச்சர் வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் கைகளைக் கூப்பி, "ஸ்தோத்திரம்" என்றார். நான் அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர். கஞ்சி போட்ட சேலை, கையில் பிரம்பு, வகுப்பே மூச்சடக்கி நிற்கிற தோரணை. அந்தத் தோரணை கொஞ்சமும் கலையாமல் என் வாய் சொன்னது:

"இப்பதான் ஆச்சு. நீங்க?"

அவர் விழித்த விழிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் இருமுவதுபோல நடித்துக்கொண்டு வகுப்புக்குள் ஓடிவிட்டேன். அவரிடம் விளக்க முடியாது. உங்களிடம் சொல்கிறேன்.

கடலூர் முதுநகரில் நான் படித்த கிறிஸ்துவப் பள்ளிக்கூடம் ஒரே ஓட்டுக் கொட்டகை. ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் அதற்குள்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, காற்றுதான். ஆகவே மூன்றாம் வகுப்பில் இருந்தபடியே நான் ஐந்தாம் வகுப்புப் பூகோளத்தையும் கற்றுத் தேர்ந்தேன். கணக்கு மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் காதில் ஏறவில்லை. பக்கத்துக் கட்டடம் மல்லாட்டைக் கிடங்கு. வேர்க்கடலைத் தோலின் வாசனை நாள் முழுக்கக் கொட்டகைக்குள் மிதக்கும். பசியோடு இருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாராலும் யோசித்திருக்க முடியாது.

அந்தக் கிடங்கில்தான் அம்மா மல்லாட்டை உடைத்தாள். அப்பா துறைமுகத்தில் தோணிக்கு மூட்டை ஏற்றுவார். எங்கள் வீட்டில் அதுவரை எழுதத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. 'அ' எழுதப் பழகிய அன்று அதை எங்கள் வாசல் கதவில் கரியால் பெரிதாக எழுதி வைத்தேன். அம்மா என்னை அடித்தாள்; எழுத்தை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்து வாரத்துக்கு வாசனைகள் உண்டு. திங்கள் என்றால் வேப்பெண்ணெய். அன்றுதான் கொட்டகைக்கே பெரிய டீச்சரான எஸ்தர் டீச்சர் எங்கள் தலையைப் பிரித்துப் பேன் பார்ப்பார். புதன்கிழமை தையல். ஊசி விரலில் குத்திக் குத்தி என் கைக்குட்டையில் பூவைவிட இரத்தம்தான் அதிகம். வெள்ளிக்கிழமை சாணி. பெண்பிள்ளைகள் தரையை மெழுகி முடித்து, அது காய்வதற்குள் வாசலில் வரிசையாக நின்று வசனம் ஒப்பிக்க வேண்டும். தப்பில்லாமல் சொன்னால் சீமையிலிருந்து வந்த பழைய வாழ்த்து அட்டை ஒன்று பரிசு. எனக்குக் கிடைத்ததில் வீட்டுக் கூரையெல்லாம் வெள்ளையாக இருந்தது. அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "பாவம், உப்பு காயவெக்க எடமில்ல போலருக்கு, ஓட்டு மேல கொட்டி வெச்சிருக்காங்க" என்றாள். பனி என்று நான் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

காலையில் மாரியம்மன் திருநீறு நெற்றியில், மத்தியானம் சோத்திரம் வாயில். இதில் எங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. மத்தியான மணி அடித்ததும் எல்லாரும் தூக்குவாளியை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணை மூட வேண்டும். யுத்த காலம் அது. வாளிக்குள் பெரும்பாலும் கேழ்வரகுக் கூழ்தான், சோறு இருந்தால் திருவிழா. எஸ்தர் டீச்சர் ஜெபம் செய்து முடித்து, "ஸ்தோத்திரம்" என்பார். கொட்டகை முழுவதும் சேர்ந்து சொல்லும். மூடி திறக்கும்.

எங்கள் ஊர் வாய்க்கு 'ஸ்' என்ற எழுத்து முதலில் வந்தால் ஆகாது. ஸ்டேஷன் எங்களுக்கு டேசன். அந்தக் கணக்கில் இதுவும் 'தோத்திரம்' என்றுதான் ஆகியிருக்க வேண்டும். ஆனால் எதிரே வாளி இருக்கும்போது நாக்கு எங்கே கணக்குப் பார்க்கிறது? சோத்துக்கு முன்னால் சொல்வது சோத்திரம். அவ்வளவுதான்.

ஆனால் டீச்சர் காலையிலும் வந்ததும் வராததுமாக அதையேதான் சொல்வார். அப்போது ஏன் சோற்றுப் பேச்சு? நான் யோசித்தேன். நம் ஊரில் ஆளைப் பார்த்ததும் முதலில் என்ன கேட்போம்? சாப்ட்டாச்சா என்றுதானே. ஆகவே 'சோத்திரம்' என்றால் கிறிஸ்துவர்கள் பாஷையில் 'சாப்ட்டாச்சா' என்று அர்த்தம். இந்தக் கண்டுபிடிப்பை அன்று மாலையே அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். வீட்டில் முதலில் படித்தவள் சொன்னால் அப்பீல் உண்டா? அம்மா கிடங்கிலிருந்து வந்ததும், "என்னாடி, சோத்திரமா?" என்பாள். "ஆச்சும்மா" என்பேன்.

ஐந்தாம் வகுப்பு முடியும் சமயத்தில் பரங்கிப்பேட்டையிலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்கு மூத்தவர். வீட்டு விஷயம் எதுவானாலும், "ஒங்கண்ணனக் கேளு" என்று அப்பா மூட்டையை அவர் தோளுக்கு மாற்றிவிடுவார். மாமா வெற்றிலையைக் குதப்பியபடி தீர்ப்புச் சொன்னார்:

"ஒரு லெட்டர் வந்தா படிக்கத் தெரியுதில்ல? போதும். ஜாஸ்தி படிச்சா பொண்ணு நம்ம பேச்சு கேக்காது. பேர அடிச்சிட்டு வந்துடு. வர்ற தையில நம்ம பையனுக்கே முடிச்சிடலாம்."

மாமாவின் பையன் நல்லவன்தான். ஆனால் அவன் மூக்கு அப்போது எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் காலையில் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மாமாவோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

எஸ்தர் டீச்சர் வாசலுக்கு வந்து, "ஸ்தோத்திரம்மா, வாங்க" என்றார்.

அம்மா முகம் மலர்ந்து, "ஆச்சி, டீச்சரம்மா. பழையதுதான். நீங்க?" என்றாள்.

டீச்சருக்குப் புரியவில்லை. மறுபடியும் மெதுவாக, "ஸ்தோத்திரம்" என்றார்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "பசியா இருந்தா கூச்சப்படாதீங்க. தூக்குல கூழு இருக்குது."

கொட்டகையில் ஐந்து வகுப்பும் ஒரே வகுப்பாகச் சிரித்தது. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "ஸ்தோத்திரம்னா கடவுளுக்கு நன்றி சொல்றதும்மா. சாப்பாடுன்னு யார் சொன்னது?" என்று கேட்டார்.

"எம் பொண்ணுதான். இங்க படிக்கிறவதான்."

எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. பூமி பிளக்கவில்லை. வேண்டும்போது அது பிளப்பதே இல்லை.

மாமாவுக்கு ஒரே குஷி. "படிச்ச லட்சணம் தெரிஞ்சி போச்சில்ல! டீச்சரம்மா, பேர அடிச்சிடுங்க."

அம்மாவின் காது சிவந்திருந்தது. அவள் மாமாவைப் பார்த்தாள். அண்ணன் முன்னால் அவள் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதில்லை.

"நீ செத்த இருண்ணே. அஞ்சு வருசம் அடுப்புல வெச்சும் சோத்துக்கும் சோத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியல இதுக்கு. அரவேக்காட்டுல எறக்குனா நம்ம வூட்டுப் பையன் எப்பிடி துன்னுவான்? வேவட்டும். டீச்சரம்மா, பேர அடிக்காதீங்க. இன்னும் நல்லா வேகவெச்சிக் குடுங்க."

மாமா வெற்றிலையைத் துப்ப இடம் தேடினார். அரைவேக்காட்டுச் சோற்றுக்காக எந்த மனுஷன் வாதாட முடியும்?

அம்மா அன்றைக்கு உண்மையிலேயே அவமானத்தில் பேசினாளா, தேடிக்கொண்டிருந்த சாக்கு கைக்குக் கிடைத்ததும் பிடித்துக்கொண்டாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "போடி வேலயப் பாத்துக்கிட்டு" என்பாள்.

எஸ்தர் டீச்சர் என்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமா வந்து, "என்னாம்மா, வெந்துடிச்சா?" என்பார். அம்மா, "இன்னும் ரெண்டு கொதி, அண்ணே" என்பாள். நான் டீச்சர் டிரெயினிங் முடித்து வந்த வருஷமும் கேட்டார். "கொழஞ்சே போச்சி. ஒம் பல்லுக்கு இப்ப ரொம்ப நல்லாருக்கும்" என்றாள் அம்மா. மாமாவுக்கு அப்போது முன்பல் இரண்டும் இல்லை. அவர் பையனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. அதற்கும் மூக்கு ஒழுகுகிறது.

தையல் டீச்சர் சம்பவத்தைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று சனிக்கிழமை ரயிலேறி முதுநகர் போனேன். அந்தக் கொட்டகைப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. யுத்தம் முடிந்ததும் அதை வேறொரு பள்ளிக்கூடத்தோடு சேர்த்தார்கள். எஸ்தர் டீச்சர் வேலூர்ப் பக்கம் போய்விட்டார். நடுச்சுவரை இடித்து, கிடங்கு எங்கள் கொட்டகையையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. கரும்பலகைக்குப் பூசிய சுவரில் மூட்டைகள் சாய்ந்திருக்கின்றன. என் சம்பளம் வந்தும் வேலையை விடமாட்டேன் என்கிற அம்மா இப்போது அங்கேதான் உட்கார்ந்து உடைக்கிறாள்.

"நானும் அஞ்சாங்கிளாசுதாண்டி. பெயிலாயி பெயிலாயி அங்கியே கெடக்கறேன்."

"மத்தியானம் மணி அடிக்கிறாங்களா?" என்றேன்.

"மணியா? அத எப்பவோ எடைக்கிப் போட்டுட்டானுவோ. பசிச்சா துன்றதுதான். நான் மட்டும் மூடி தொறக்கச்சே டீச்சரம்மா சொன்னத ஒரு தபா சொல்லிக்குவேன். மத்ததுவோ கேலி பண்ணுதுங்க."

"எங்க, சரியாச் சொல்லு பாக்கலாம்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கொட்டகைப் பிள்ளைகள் சேர்ந்து சொன்னதைத் தனியாகச் சொன்னாள்.

"சோத்திரம்."

என் மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் ஓர் ஒற்று விட்டாலும் நான் விடுவதில்லை. அம்மாவுக்கு முழு மார்க் போட்டுவிட்டு, "ஆச்சும்மா" என்றேன்.