எல்லாம் நலம் என்று சொன்ன பொட்டலம்

தாராவியில் ஒரு கேபிள் இன்டர்நெட் ஆபீஸில் புகார் போனை எடுப்பது என் வேலை. பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மிச்சத்தை அந்தப் போனும் யூடியூபும் சொல்லிக்கொடுத்தன. நெட் வரவில்லை என்றால் நெட் வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு யாரும் போனை வைப்பதில்லை. அதுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பாக்கியம். "வருது தாயி, வந்துட்டு உக்காரத்தான் மாட்டேங்கு" என்பார் ஒரு பெரியவர். ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு அக்கா ஒருமுறை சொன்னாள்: "லைட்டு பச்சையாத்தான் எரியுது மேடம். யாருக்காக எரியுதுன்னுதான் தெரியல." இப்படிப்பட்டதையெல்லாம் பழைய டைரி ஒன்றில் எழுதி வைத்துக்கொள்வேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போன் வருவதற்கு முன்பே எந்த லைன் செத்திருக்கிறது என்று தெரிந்தால் நன்றாயிருக்குமே என்று தேடியபோது ஒரு மென்பொருள் கண்ணில் பட்டது. நாம் கொடுக்கிற பட்டியலில் உள்ள ஒவ்வொரு கருவியையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "இருக்கியா?" என்று கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் நம் மொபைலில் கத்தும். யாரோ எழுதியது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடுகிற இலவச இயங்குதளத்தில் அது சேர வேண்டுமென்றால், அதற்கு ஏற்றபடி யாராவது கட்டிக்கொடுக்க வேண்டும். ஒரே கட்டளையில் ஏற வேண்டும், பழையது போய்ப் புதியது வரும்போது எதுவும் உடையக் கூடாது. இதைப் பேக்கேஜ் என்பார்கள். நான் பொட்டலம் என்பேன். முன்பு கட்டிக்கொண்டிருந்தவர் தனக்கு நேரமில்லை, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். ஒரு ஆங்கிலக் கடிதத்தை மூன்று தடவை அடித்துத் திருத்தி, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அனுப்பினேன். ஆறு வருஷமாகிறது.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைபோல அந்த இயங்குதளத்தின் புதிய பதிப்பு வரும். வருவதற்கு முன்னால் ஒரு நாள் குறிப்பார்கள். அதற்குப் பிறகு எதிலும் கை வைக்கக் கூடாது. அன்றைக்குப் பெரிய பிழையோடு நிற்கிற பொட்டலம் பதிப்பை விட்டு வெளியே போய்விடும். அடுத்த பதிப்பு வரும்வரை வெளியேதான். போன தடவை அந்த நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது என் பொட்டலத்தைப் பற்றி ஒரு புகார் வந்தது. 'மிகக் கடுமையான பிழை' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். இடம் செம்பூர்.

நம்பர் கேட்டு எழுதினேன். போன் வந்தது. இந்தியில் ஆரம்பித்த அம்மாள், நான் நாலு வார்த்தை பேசியதுமே நிறுத்திவிட்டார்.

"நீங்க தமிழா?"

"ஆமா மேடம். தாராவி."

"மேடமெல்லாம் வேண்டாம், மாமின்னே சொல்லுங்கோ. இருக்கறது மாட்டுங்கால, வேலை செம்பூர்ல. உங்க சாமான் ரெண்டு நாளா பொய் சொல்லிண்டிருக்கு, தெரியுமோ?"

டெலிபோன் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது செம்பூரில் ஒரு சின்ன மருந்துக் கிடங்கின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். இன்சுலினும் தடுப்பூசியும் வைத்திருக்கிற ஃபிரிட்ஜ் ஒவ்வொன்றிலும் குளிர் எவ்வளவு என்று சொல்லும் குட்டிப் பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டிகளைக் கவனிப்பது என் பொட்டலம். முன்னோட்டமாக நான் அனுப்பியிருந்த புதியதை ஏற்றியதிலிருந்து அது 'எல்லாம் நலம்' என்று மட்டும் சொல்லியிருக்கிறது. பெருக்க வந்தவர் மொபைலுக்குச் சார்ஜ் போட ஒரு பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதையேதான் சொல்லியிருக்கிறது. மாமி மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்ததால் பார்த்தார். ஃபிரிட்ஜ் வேறு பிளக்கில் இருந்ததால் மருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

தப்பு என்னுடையதுதான். மென்பொருளின் புதிய பதிப்பில் அந்தப் பட்டியல் இருக்கும் இடம் மாறியிருந்தது. பழைய இடத்திலிருந்து அதை எடுத்து வைக்கிற வரியை நான் எழுதவே இல்லை. எங்கள் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் உட்கார்ந்து பார்க்க மாட்டோம், அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவோம். அந்தப் பழக்கத்தில் நான் எப்போதும் துடைத்து வைத்த கம்ப்யூட்டரில்தான் சோதித்தேன். அதில் பழைய பட்டியல் ஏது? மாமியின் கம்ப்யூட்டரிலோ காலிப் பட்டியலைப் படித்துவிட்டு, பார்க்க ஆளே இல்லாததால் ஒருவருக்கும் குறையில்லை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

மறைக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிழையின் கடுமையைக் குறைத்துப் போடும் உரிமை பொட்டலம் கட்டுகிறவருக்கு உண்டு. 'சாதாரணம்' என்று மாற்றினால் பொட்டலம் உள்ளேயே இருக்கும், நிதானமாகச் சரிபண்ணிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தோல் பை தைக்கிற என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைக் கேட்டார்.

"ஏளா, ஒன் பை அறுந்துட்டு. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"வாரு அறுந்ததுன்னு கொண்டாந்தவகிட்ட, அறுந்து போகவே இல்லன்னு நா சொன்னா எம் மூஞ்சியில முழிப்பாவளா? போயி தச்சுக் குடுத்துட்டு வா. மோர ஊத்து."

மோரை ஊற்றினேன். பக்கத்தை மூடினேன்.

பட்டியலைப் பத்திரமாகப் புதிய இடத்துக்குக் கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று. பிறகு டைரியில் இருந்த ஆண்டாப் ஹில் அக்கா ஞாபகத்துக்கு வந்தாள். இன்னும் ஒரு வரி சேர்த்தேன்: பட்டியல் காலி என்றால் 'எல்லாம் நலம்' என்று சொல்லாதே, 'நான் யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை' என்று சொல். ஆனால் சோதிக்க, பழைய பட்டியலோடு இருக்கிற கம்ப்யூட்டர் வேண்டுமே. மாமியிடம் கேட்டேன். பழையது ஏறிய ஒன்றை உபரியாக அப்படியே வைத்திருக்கிறாராம். கடைசி நாள் காலையில் அரை நாள் லீவு போட்டுச் செம்பூருக்குப் பஸ் ஏறினேன்.

மாமி வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா? நான் ஏதோ பெரிய கம்பெனின்னு நெனச்சு கன்னாபின்னான்னு எழுதிட்டேனே!"

"கம்பெனியெல்லாம் இல்ல மாமி. நா ஒருத்திதான்."

"ஒருத்தியா! இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு வரி சேத்துத் திட்டியிருப்பேன். வாங்கோ, உள்ள வாங்கோ."

அந்த உபரிக் கம்ப்யூட்டரில் புதிய பொட்டலத்தை ஏற்றினேன். பட்டியலில் கிடங்கின் பதினொரு பெட்டிகளும் வந்து நின்றன. எனக்கு அதுவே போதும். மாமிக்குப் போதவில்லை. எழுந்து போய் ஒரு பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். "சொல்றதான்னு பாப்போம்." பிளாஸ்க்கிலிருந்து இரண்டு டம்ளரில் காபி ஊற்றினார். அந்த ஐந்து நிமிடம்போல நீண்ட ஐந்து நிமிடத்தை நான் பார்த்ததில்லை. காபி நன்றாகத்தான் இருந்திருக்கும், நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

மேஜை மேலிருந்த மாமியின் மொபைல் கத்தியது.

"கத்தறது! கேட்டேளா, கத்தறது!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிளக்கைத் திரும்பச் செருகக்கூட அவருக்கு மனம் வரவில்லை, நான்தான் செருகினேன்.

நேராக அந்த இயங்குதளத்துக்குள் பொட்டலத்தை ஏற்றிவிடும் உரிமை எனக்குக் கிடையாது. ஐரோப்பாவில் இருக்கும் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முகம் தெரியாது, ஆறு வருஷமாக என் ஆங்கிலத்தைப் பொறுத்துக்கொள்கிற மனிதர். அனுப்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருந்தது. என்ன மாற்றினோம் என்ற குறிப்பில், பிழையைச் சொன்னவருக்கு நன்றி எழுதுவது எங்கள் வழக்கம். என்ன பெயர் போட என்று மாமியிடம் கேட்டேன்.

"பேரெல்லாம் எதுக்கு? மாட்டுங்கா மாமின்னு போடுங்கோ, போறும்."

அப்படியே போட்டேன். கீழே இன்னொரு வரி: காலிப் பட்டியலின் எச்சரிக்கைக்கு, ஆண்டாப் ஹில் அக்காவுக்கு நன்றி.

ஐரோப்பாக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், பழையதன் மேல் ஏற்றிப் பார்த்தாயா என்று. பார்த்தேன், பிளக்கையும் பிடுங்கிப் பார்த்தோம் என்று எழுதினேன். சாயங்காலம் ஆபீஸில் நான் போனும் கையுமாக இருந்தபோது பதில் வந்தது. ஏற்றியாகிவிட்டது, குறித்த நாளுக்குள் சேர்ந்துவிட்டது, பொட்டலம் உள்ளேதான் என்று. கடைசியில், இந்த இருவரும் யார் என்று கேட்டிருந்தார்.

போனின் மறுமுனையில் ஒருவர் தன் நெட்டைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணாச்சி" என்று டைரியை எடுத்தேன்.