குடித்துப் பார்க்கும் கவுன்சிலர்

திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் குடியிருந்தபோது, எங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு பழக்கம் உண்டு. குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம் என்று யார் புகார் சொன்னாலும் வீட்டுக்கே வந்து குடித்துப் பார்ப்பார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஓயாமல் அடிக்கும் செல்போன். பாயசத்தில் இனிப்புப் பார்ப்பவர் போலக் கண்ணை மூடிக்கொள்வார்.

என் மகளுக்கு அப்போது வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. நானும் புகார் சொன்னேன். வந்தவர் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "நல்லாத்தானேம்மா இருக்கு? இந்தத் தெருவுல எல்லா ஊட்லயும் நல்லாத்தான் இருக்கு. பைப்பத் தோண்ட வேண்டியதில்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்தவருக்கு நாற்றத் தண்ணீரைக் கொடுக்கக் கை வராமல், மகளுக்காக ஆறவைத்திருந்ததைக் கொடுத்திருக்கிறேன்.

"சார், அது காய்ச்சுன தண்ணி."

"காய்ச்சுனதா? அப்ப மத்தவங்க குடுத்தது?"

"அவுங்களும் அப்பிடித்தான் சார் குடுத்திருப்பாங்க. ஒங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"நல்லா மரியாத பண்றீங்கம்மா!" என்று தலையில் கைவைத்துச் சிரித்தார்.

அந்த வாரமே பைப்பைத் தோண்டி மாற்றினார்கள். மறுபடி வந்தவர் தானே குழாயைத் திறந்து, பிடித்துக் குடித்துவிட்டு, "இனிமே பாப்பாவுக்கு அப்பிடியே குடுக்கலாம்" என்றார். தலையாட்டினேன். அவர் போனதும் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். மறுநாள் மனம் கேட்காமல், அவர் நன்றாக இருக்கிறாரா என்று பார்த்துவரக் கணவரை அனுப்பினேன்.

"நல்லாத்தான் இருக்காரு. நீ இன்னமும் காய்ச்சுறியான்னு கேட்டாரு" என்றார் கணவர்.

எப்படித்தான் கண்டுபிடித்தாரோ.