போணி ஆகாத கட்டில்

வளவனூரில் என் தாய்மாமன் முருகையன் போனை எடுத்தால் குரல் ஒரு முழம் உயர்ந்துவிடும். "சொல்லுங்க சார்! ஏசி இருக்குது சார், கார் நிறுத்த எடம் இருக்குது சார்!" கூப்பிட்டது கறிக்கடைக்காரராக இருந்தாலும் அப்படித்தான்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையை ஒட்டி, ரோட்டோரம் இரண்டு அறை கட்டியிருந்தார். புதுச்சேரிக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட. எந்த ஊரில் கட்டினால் ஆள் வரும் என்று அவர் ஆராய்ந்தது டீக்கடை பெஞ்சில்.

"சனிக்கெழமையானா பெங்களூரு வண்டி எத்தினி போய்க்கினு இருக்குது பாருடா. பத்துல ஒருத்தன் நம்மகிட்ட நின்னா போதும்."

ஒருவரும் நிற்கவில்லை. ஒருமுறை மட்டும் நான்கு பேர் இறங்கி அறையைப் பார்த்தார்கள். பிடித்திருந்தது.

"அண்ணா, பாண்டில வாங்குற சரக்க இங்க எடுத்தாந்து குடிக்கலாமா?"

"செக்போஸ்ட்ல புடிச்சிடுவாங்க தம்பி."

வண்டி கிளம்பிவிட்டது. புதுச்சேரி எல்லைக்கு இந்தப் பக்கம் கட்டித் தொலைத்தோம் என்பது அன்றைக்குத்தான் மாமாவுக்கு உறைத்தது.

அவரும் சின்னபொண்ணு அத்தையும் குடியிருந்தது பின்னால் தகரக் கொட்டகையில். அத்தைக்கு ஓயாத இடுப்பு வலி. தரையில் படுத்தால் எழ முடியாது.

"ஒரு நாளு அந்த ரூமு கட்டில்ல படுத்துக்கிறேன்யா."

"போணி ஆவட்டும் புள்ள. மொத ஆளு வந்து தங்கிட்டு போவட்டும். அப்பறம் நீ படு."

அத்தை அவர் குரலிலேயே திருப்பிக் கொடுப்பாள்: "ஏசி இருக்குது சார், பொண்டாட்டிதான் கொட்டாயில கெடக்குறா சார்!" எங்களோடு சேர்ந்து மாமாவும் சிரிப்பார்.

வலி இடுப்போடு நிற்கவில்லை. எலும்பெல்லாம் புற்று பரவிவிட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா கட்டிலில் புது விரிப்புப் போட்டுவிட்டு வந்தார்.

"வா புள்ள, உள்ள படு."

"போணி ஆயிடுச்சா?"

"போணியும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். வா."

"நான் படுத்து, அதுலியே போயிட்டன்னா? அப்பறம் எவன்யா வந்து தங்குவான்? ரூமுக்குப் பேரு கெட்டுப்பூடும். என்னை இங்கியே வுடு."

மாமா தூக்கப் பார்த்தார். அத்தை கொட்டகைக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ. மாமாதான் கையை எடுத்தார்.

அந்த வாரமே கொட்டகையில் போய்விட்டாள்.

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் இரண்டு அறையிலும் படுத்தார்கள். மாமா எல்லோருக்கும் தலையணை எடுத்துக் கொடுத்தார். பிறகு கொட்டகைக்குப் போய், அத்தை படுத்திருந்த இடத்தை விட்டுவிட்டு, ஓரமாகப் பாயை விரித்தார்.