எச்சில் பரீட்சை

பள்ளிக்கூடத்தில் எதிலும் உருப்படியாகத் தேறாத நான், ஒரே ஒரு பரீட்சையில் முழுதாகத் தேறியிருக்கிறேன். அது எச்சில் பரீட்சை. எழுபதுகளில் நடந்தது, எனக்கு எட்டு வயது. மலேசியாவில் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயத்தில் அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. தம்பி பிறக்குமுன்பே அப்பா இறந்துவிட்டார்.

அம்மா பால்மரம் வெட்டுபவள். மழைக்காலத்தில் பிடித்த இருமல் சித்திரை வந்தும் விடவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் டாக்டர் கிடையாது, டிரெசர் ஐயாதான் எல்லாம். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரை கொடுக்கிற மனிதர், அன்றைக்கு மூன்று சின்னப் போத்தல்களை எடுத்து வைத்தார்.

"மூணு நாளைக்கு விடிகாலையில சளியை இதுல துப்பிக் கொண்டா. டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் லா."

அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஞாபகம் வந்தது. அவளுக்குக் காசம் என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வைத்துவிட்டார்கள். வேலைக்கு வராதவள் பெயரைத் தோட்டத்துக் கணக்கர் கிராணி, செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் அடித்தார். செக்ரோலில் பெயர் இல்லாவிட்டால் லயத்து வீடும் இல்லை. அக்கா குணமாகித் திரும்பியபோது அவள் அடுப்பில் வேறொரு குடும்பம் சோறாக்கிக்கொண்டிருந்தது. காசத்துக்கு மருந்து இலவசம்தான். அதைச் சாப்பிட்டு முடிக்கிறவரை பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் விடியுமுன், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில், அம்மா என்னை எழுப்பினாள்.

"வாம்மா, இதுல நீ துப்பு."

"நான் எதுக்கும்மா?"

"உன் நெஞ்சு சுத்தமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதே."

மூன்று நாளும் துப்பினேன். எச்சில் நன்றாக ஊறட்டும் என்று சீனர் கடையில் அசாம்பொய் வாங்கி வைத்திருந்தாள். அந்தப் புளிப்பு வற்றலுக்காகவே நான் எத்தனை போத்தல் வேண்டுமானாலும் நிரப்பியிருப்பேன். டிரெசர் ஐயா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அம்மாவோடு போயிருந்த என்னுடைய, அசாம்பொய்யில் சிவந்த நாக்கையும் பார்த்தார். பிறகு அம்மாவின் பெயரை எழுதி ஒட்டினார்.

சில வாரம் கழித்து, நோய் இல்லை என்று தாள் வந்தது. நான் லயத்துக்கு லயம் குதித்தேன். எங்கள் தோட்டத்தில் எதையும் தாள்தான் தீர்மானிக்கும். தாள் சொல்லிவிட்டால் அம்மாவுக்கு நோய் போய்விட்டது என்றே நம்பினேன். ஆனால் அம்மா தனித்தட்டில் சாப்பிட ஆரம்பித்தாள். தம்பியை என் பக்கத்தில் போட்டுவிட்டு அடுப்படியில் படுத்தாள். எங்களைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நான் அவளோடு பேச்சையே குறைத்துக்கொண்டேன்.

அடுத்த தீபாவளிக்கு அம்மா இல்லை, வீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். அம்மா போவதற்குச் சில வாரம் முன்பு ஒரு சாயங்காலம், அவள் வாசற்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"அதான் பாஸாயாச்சுல்ல? இன்னும் எதுக்கு இருமுறே?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இனிமே இரும மாட்டேன்மா" என்றாள்.

நான் அதையும் நம்பினேன்.