சாம்பல் சரியாக இருந்தது

2009இல் ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில் ஏற்றுமதிக் கடிதங்கள் எழுதும் வேலையில் இருந்தேன். படம் எடுப்பது என் சொந்த ஆசை. வேலூர் லாங் பஜாரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஜிட்டல் கேமரா ஒன்று என்னிடம் இருந்தது.

தோல் துண்டு கூரியரில் வெளிநாடு போய்ச் சேர நாளாகும். அதற்குள் வாங்குபவர் படத்தைப் பார்த்து நிறத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டால் வேலை நிற்காது. மேனேஜர் அந்தப் படங்களை எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் என் கேமராவுக்குப் பழுப்பு பிடிபடாது. தேன் நிறத் தோலைச் செங்கல் நிறமாகக் காட்டும். கேமரா தரும் ரா ஃபைலில் இருப்பது உள்ளே விழுந்த வெளிச்சத்தின் பதிவு மட்டுமே. அதை எந்த நிறமாகப் படிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது ப்ரொஃபைல். கூடவே வரும் ப்ரொஃபைல் மனித முகங்களுக்கு அழகு சேர்க்கும், தோலுக்கு உதவாது. இருபத்து நான்கு நிறக் கட்டங்கள் கொண்ட அட்டையை வரவழைத்து, தோல் பரப்பும் மேஜையில் வைத்துப் படமெடுத்து, எங்கள் கேமராவுக்கென்று ஒரு ப்ரொஃபைல் செய்தேன். மேஜைக்கு மேலே கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த ஃபைபர் ஷீட் வெயிலில் மஞ்சளேறிக் கிடந்தது. தேன் நிறம் தேன் நிறமாகவே வந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு சரக்கின் படத்துக்குப் பதில் வந்தது: போன தடவையைவிடச் சிவப்பு அதிகம், அனுப்ப வேண்டாம். சாயமேற்றிய தோலை மாதிரி நிறத்தோடு ஒப்பிட்டுச் சரி சொல்பவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதை நெருங்கியவர், சர்க்கரை உண்டு. அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். மேனேஜருக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பாயை ஓரம் வெட்டும் பகுதிக்கு மாற்றினார். போவதற்கு முன் பாய் அந்தத் தோலை ஜன்னலருகே பிடித்து, ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார், பிறகு மற்றதைப் பொத்திப் பார்த்தார்.

நாள்தோறும் நடந்ததை டைரியில் குறித்துவைப்பது என் பழக்கம். பாயை மாற்றியதற்கு மறு வாரம் செவ்வாய்க்கிழமை, பழைய ஏற்றுமதி ஒன்றின் தேதியைத் தேடும்போது ஒரு வரி கண்ணில் பட்டது: காற்றில் கூரை பெயர்ந்தது, மேஜைக்கு மேல் புது வெள்ளை ஷீட். ப்ரொஃபைல் செய்த நாளுக்குப் பிந்தைய, சிவப்பென்று பதில் வந்த படத்துக்கு முந்தைய பக்கம் அது.

அட்டையைப் புது ஷீட்டின் கீழ் வைத்து மறுபடி எடுத்து, வேறு ப்ரொஃபைல் செய்து, வேண்டாமென்று பதில் வந்த படத்தின் ரா ஃபைலைத் திறந்தேன். சிவப்பு இல்லை. ஒவ்வொரு தடவையும் அட்டையின் சாம்பல் கட்டத்தை வைத்து வெள்ளையைச் சரிபார்த்திருந்தேன். சாம்பல் சரியாகத்தான் இருந்தது. அதனால் பழுப்பும் சரி என்று நம்பிவிட்டேன். மஞ்சள் வெளிச்சத்துக்காகச் செய்த ப்ரொஃபைல் வெள்ளை வெளிச்சத்தில் பழுப்பை மட்டும் சிவப்பாக்கியிருந்தது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புதன் போயிற்று, வியாழனும் போயிற்று. மேனேஜர் தனியாக இருக்கும் நேரம் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் முன் பாய் என் மேஜைக்கு வந்தார். மேனேஜருக்கு ஒரு கடிதம் வேண்டுமாம், இங்கிலீஷில்.

"கண்ணு சரியில்ல, நின்னுக்கறேன்னு எழுதிடுங்க சார். அவங்களா அனுப்பறதுக்குள்ள நானே போய்ட்டா மரியாதை."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து, இரண்டும் ஒரே தோல், ஒரே ஃபைல் என்றும், கூரை மாறியதை நான் கவனிக்கவில்லை என்றும் விளக்கினேன். அவர் திரைக்கு முன்னாலும் ஒரு கண்ணைப் பொத்தினார்.

"அப்போ என் கண்ணு?"

"நல்லா இருக்கு பாய். தப்பு என்னுது."

கையை எடுத்துவிட்டு, இரண்டு கண்ணாலும் இரண்டு படங்களையும் பார்த்தார். பிறகு கேட்டார்: "எப்ப சார் தெரிஞ்சிது?"

தேதியில் பொய் சொல்லிப் பழகாதவன் நான். "செவ்வாய்க்கிழமை" என்றேன்.

"மூணு நாளு" என்றார். "வீட்ல பொண்ணு மூஞ்சியகூட ஒரு கண்ண மூடிக்கினு பாத்துனு இருந்தேன் சார்."

அவர் எழுந்ததும் நானும் எழுந்தேன். இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம். படங்களைக் காட்டி, நடந்த தப்பைச் சொன்னேன். மேனேஜர் திட்டினார், பிறகு வாடிக்கையாளருக்குச் சரியான படத்தை உடனே அனுப்பச் சொன்னார். பாய் திங்கட்கிழமை முதல் பழைய வேலையையே பார்க்கலாம் என்றார். நாங்கள் திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டார்: "எப்ப கண்டுபுடிச்ச இத?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொன்னார்: "இன்னிக்குதான் சார். கண்டுபுடிச்ச ஒடனே என்னைத்தான் கூப்ட்டாரு."

மேனேஜர் தலையசைத்தார். நான் மறுத்துச் சொல்லவில்லை.